இடையில் இருப்பவற்றின் பெயர்கள்

கன்னியாகுமரிக் கரையில் நிற்பவரின் கண்ணுக்குக் கடல் முடிவற்றது. கணக்கு அப்படிச் சொல்வதில்லை. சராசரி உயரமுள்ள ஒருவர் நீர்மட்டத்தை ஒட்டி நின்றால், தொடுவானம் அவரிடமிருந்து நாலரைக் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதற்கப்பால் பூமி வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. இந்த வளைவைக் கடற்கரைக்காரர்கள் எதிர்த்திசையிலிருந்து அறிந்தவர்கள். படகு விலக விலக முதலில் கரைமணல் தாழும், பிறகு தென்னைகள், பிறகு கோயில் கோபுரங்கள், கடைசியில் மலைகள். மலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தே கரையின் தொலைவைச் சொல்லிவிடும் மூத்த மீனவர்கள் இந்தக் கடற்கரையில் உண்டு. ஒரு மலைமுகட்டையும் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் கண்ணில் ஒரே கோட்டில் நிறுத்தி, கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டான பாரின் இடத்தைக் கண்டுபிடிப்பதும் அவர்களுடைய கலைதான்.

நுண்ணலை வானொலித் தொடர்பைப் படிக்கத் தொடங்கும் மாணவனுக்குச் சொல்லித்தரப்படும் முதல் சொல் 'லைன் ஆஃப் சைட்'. நேர்பார்வைப் பாதை. பேச விரும்பும் இரண்டு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவே மலை வந்தால் பேச்சு நின்றுபோகும், பூமியின் முதுகு வந்தாலும் நின்றுபோகும். இந்தத் துறையின் அடிப்படைச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று புலப்படும். பேசுபவரைப் பற்றியும் கேட்பவரைப் பற்றியும் இங்கே சொற்கள் குறைவு. இருவருக்கும் இடையில் கிடக்கும் நிலம், மரம், நீர், காற்று, மழை ஆகியவற்றைப் பற்றியே சொற்கள் அதிகம். தொடர்பு என்பதை இடைவெளியின் கணக்காகப் புரிந்துகொண்ட ஒரு சொல்வளம் இது. மூன்று கடல்களும் மலைத்தொடரின் கடைசிக் கண்ணியும் இரண்டு பருவமழைகளும் ஒரு சின்ன மாவட்டத்துக்குள் கூடிநிற்கும் நாஞ்சில் நாட்டில், அந்தச் சொற்கள் ஒவ்வொன்றையும் நிலத்தில் வைத்தே காட்ட முடியும்.

அதிர்வெண் 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 300 கிகாஹெர்ட்ஸ் வரை, அதாவது அலைநீளம் ஒரு மீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை உள்ள வானொலி அலைகளையே பொதுவாக நுண்ணலை என்கிறார்கள். இதன் தொடக்கக் கதை நம் நாட்டோடு சேர்ந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையைக்கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச்செய்தார்; வெடிமருந்தை வெடிக்கவைத்தார். மில்லிமீட்டர் அளவிலான அலைகளில் அவர் செய்த ஆய்வுகள் அடுத்த அரை நூற்றாண்டுக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. அலை சிறியதாக இருந்தால் அதைக் குழாய்க்குள் நடத்தலாம், கொம்பு வடிவ ஆன்டெனாவால் ஒரு திசையில் குவிக்கலாம் என்பதை அவருடைய கருவிகள் அப்போதே காட்டியிருந்தன. 1931-இல் ஆந்திரே கிளாவியேயின் குழு டோவருக்கும் கலேவுக்கும் இடையே, ஆங்கிலக் கால்வாயின் மேலாக, ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அலைநீளத்தில் பேச்சை அனுப்பிக் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் ராடாருக்காகப் பிறந்த கருவிகள், போருக்குப் பின் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தொலைபேசியைச் சுமந்தன.

இந்தியாவில் 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதல் எஸ்.டி.டி. வந்தது. டிரங்கால் போட்டுக் காத்திருந்த காலத்திலிருந்து எண்ணைச் சுழற்றியவுடன் பேசும் காலத்துக்கு நாடு முழுவதும் நகர்ந்தபோது, அந்தப் பேச்சுகளில் பெரும் பங்கைச் சுமந்தவை நுண்ணலைத் தொடுப்புகள். ஊர்த் தொலைபேசி நிலையத்தின் வளாகத்தில் சிவப்பும் வெள்ளையும் பூசி நின்ற இரும்புக் கோபுரத்தையும் அதில் முரசுபோலக் கட்டியிருந்த வட்டத் தட்டுகளையும் அந்தத் தலைமுறை நன்றாக அறியும். இன்று கண்ணாடி இழை பூமிக்கடியில் அந்த வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் செல்பேசிக் கோபுரங்களின் தோளில் இருக்கும் சிறிய தட்டுகள், அடுத்த கோபுரத்தோடு இன்னமும் நுண்ணலையில்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரம் வரையுள்ள பாதைக்குப் பெயர் 'ஹாப்'. ஆறு கிகாஹெர்ட்ஸில், 40 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ஹாப்பை எடுத்துக்கொள்வோம். தரை தட்டை, மலை குறுக்கே இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் பூமி குறுக்கே இருக்கிறது. பாதையின் நடுவில் பூமியின் வளைவு 31 மீட்டர் எழும்பி நிற்கும். இங்கே காற்று கொஞ்சம் கைகொடுக்கிறது. தரையருகே அடர்ந்தும் மேலே போகப்போக மெலிந்தும் இருக்கும் காற்று, அலையை மெல்லக் கீழ்நோக்கி வளைக்கிறது. அந்த வளைவைக் கணக்கில் எடுக்க, பூமியின் ஆரத்தையே மூன்றில் நான்கு பங்காக, ஏறத்தாழ 8,500 கிலோமீட்டராக, பெரிதாக்கி எழுதுகிறார்கள். இந்தப் பெருக்குத்தொகைக்கு 'கே ஃபேக்டர்' என்று பெயர். நடுவிலிருக்கும் 31 மீட்டர் மேடு இப்போது இருபத்துமூன்றரையாகக் குறையும்.

பார்வை கிடைத்துவிட்டால் போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை. கோட்டைச் சுற்றி இடம் எடுத்துக்கொண்டு, நடுவில் பருத்து, இரு முனைகளிலும் குறுகிப் போகிறது. அந்த நீள்வடிவ இடத்துக்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். நம்முடைய ஹாப்பின் நடுவில் முதல் மண்டலத்தின் ஆரம் 22 மீட்டர். அதில் குறைந்தது அறுபது விழுக்காடு, அதாவது பதின்மூன்றரை மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பார்வைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு தென்னந்தோப்பின் தலைகள் நுழைந்துவிட்டால் பேச்சு நலிந்துவிடும். தடுக்காமல் அருகில் நிற்பதே ஒரு தடையாகிவிடுகிறது. குமரி மாவட்டத்தில் தென்னை இல்லாத பாதை ஏது? தென்னைக்கு 20 மீட்டர் என்று சேர்த்துக் கூட்டினால் 57 வரும். பூமியின் முதுகு, அலையின் பருமன், தென்னையின் உயரம் என்ற மூன்றும் சேர்ந்த தொகைதான் அது. இரண்டு முனையிலும் அறுபது மீட்டர்க் கோபுரம் தேவைப்படுவது இப்படித்தான். மேற்கே விளவங்கோடு பக்கம் போனால் ரப்பர். அது இன்றைக்கு இருக்கும் உயரத்தோடு, பத்து ஆண்டு கழித்து இருக்கப்போகும் உயரத்தையும் திட்டமிடுபவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

அகுஸ்தீன் ஃபிரெனெல் வானொலியைக் கண்டவரல்ல. 1788-இல் பிறந்து 39 வயதில் இறந்துபோன பிரெஞ்சுப் பொறியாளர் அவர். ஒளி ஓர் அலை என்பதைக் கணிதத்தால் நிறுவினார். அந்த அறிவோடு நிற்காமல், கலங்கரை விளக்கங்களுக்காகப் பட்டைபட்டையாக வெட்டிய வில்லையை அமைத்தார். 1823-இல் பிரான்சின் கோர்துவான் விளக்கத்தில் அது முதலில் ஏற்றப்பட்டது. கப்பல்காரர்களுக்குக் கரையின் இருப்பைச் சொல்ல உழைத்த மனிதரின் பெயர், அவர் இறந்து நூறாண்டு கழித்து வந்த நுண்ணலைப் பொறியியலின் அன்றாடச் சொல்லாக இருக்கிறது. முட்டத்துக் கலங்கரை விளக்கமும் நாகர்கோவிலின் ஒரு செல்பேசிக் கோபுரமும் செய்வது ஒரே குடும்பத்து வேலை. தொடுவானத்தைத் தள்ளிவைப்பதற்காக உயரத்தில் ஏறி நிற்கின்றன.

இழப்பைப் பற்றிய சொற்கள் அடுத்து வருகின்றன. அளக்கும் அலகு டெசிபல். நாற்பது கிலோமீட்டர் வெற்றுவெளியைக் கடப்பதற்கே ஆறு கிகாஹெர்ட்ஸ் அலை 140 டெசிபலை இழக்கிறது. மழையில்லை, மரமில்லை, பரவிப்போவதால் மட்டும் வரும் இழப்பு இது. சாதாரண எண்ணில் சொன்னால், திசை பாராமல் விட்ட ஆற்றலில் கோடி கோடியில் ஒரு பங்குதான் மறுமுனைக்குக் கிடைக்கும். இதை ஈடுகட்டத்தான் அந்த வட்டத் தட்டுகள். மூன்று மீட்டர் விட்டமுள்ள தட்டு, எல்லாத் திசையிலும் சிதறவிருந்த ஆற்றலை ஒரு பாகையளவு அகலத்துக்குள் குவித்து, அந்தத் திசையில் இருபதாயிரம் மடங்கு வலுவாக்குகிறது. இதற்கு 'கெயின்' என்று பெயர். அனுப்பும் பக்கம் ஒரு தட்டு, வாங்கும் பக்கம் ஒரு தட்டு. அலையைத் தட்டுவரை கொண்டுசெல்லும் குழாயில் போகும் சிறு இழப்பையும் கழித்துவிட்டால், ஒரு வாட் அனுப்பினால் அந்தப் பக்கம் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாட் வந்துசேரும். அது தாராளமாகப் போதும்.

இந்த வரவுசெலவை 'லிங்க் பட்ஜெட்' என்கிறார்கள். எவ்வளவு போனது, எங்கே போனது, எது ஈடுசெய்தது என்று ஒரு வரி விடாமல் எழுதும் ஏடு அது. குரலை உயர்த்தி இழப்பை வெல்லலாம் என்ற நினைப்புக்கு அங்கே இடமில்லை. அனுப்பும் ஆற்றலை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது மூன்று டெசிபல்தான். தட்டை அரைப் பாகை திருத்தி நேராக நிறுத்தினாலே அவ்வளவு கிடைத்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் கோபுரம் அரைப் பாகை முறுகினால் அவ்வளவு போய்விடும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுக்குத் தாங்கி நிற்கக் கோபுரத்துக்கு இரும்பு கூடுதலாக வேண்டும்.

அதே காற்று ஒரு நன்மையும் செய்கிறது. ஆறு கிகாஹெர்ட்ஸ் பாதைக்கு அமைதியே ஆபத்து. பகலெல்லாம் வெயில் காய்ந்து, காற்றசைவில்லாமல் விடியும் நாளில், தரையை ஒட்டிய காற்று அடுக்கடுக்காகப் படிந்துவிடும். அலை ஒவ்வொரு அடுக்கிலும் வெவ்வேறாக வளைந்து, பல வழிகளில் பிரிந்து வந்துசேரும். ஒரு வழியாக வந்தது ஏறும்போது இன்னொரு வழியாக வந்தது இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த மங்கலுக்கு 'மல்டிபாத் ஃபேடிங்' என்று பெயர். கணவாய்க் காற்று அடுக்குகளைக் கலைத்து அலைக்கு வழிவிடுகிறது. சில விடியல்களில் கே ஃபேக்டர் சரிந்து, அலை மேல்நோக்கி வளைந்துபோகும். அது மூன்றில் இரண்டாகக் குறைந்தால், இருபத்துமூன்றரை மீட்டராக இருந்த பூமியின் மேடு கணக்கில் 47 மீட்டராகிவிடும். நேற்று போதுமானதாக இருந்த கோபுரம் இன்று குட்டையாகிவிடுகிறது.

நிலத்திலும் இதுபோல நடக்கிறது. தேங்கிய நீர் நுண்ணலைக்குக் கண்ணாடி. நாஞ்சில் நாட்டின் வயல்களில் கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தண்ணீர் கட்டி, தொளியடித்து, நாற்று நடும் நாட்களில் ஏலா முழுவதும் ஒரே கண்ணாடியாகக் கிடக்கும். அதில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதும். பயிர் வளர்ந்து மூடினால் அந்த எதிரொளிப்பு சிதறிவிடும். ஒரே பாதை நடவின்போது ஒரு குணமும் அறுவடையின்போது ஒரு குணமும் காட்டும். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கும் மணக்குடிக் காயலுக்கும் மேலாகப் பாதை போடுபவர் ஆண்டு முழுவதும் அந்தக் கண்ணாடியோடு வாழ வேண்டும்.

இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரே கோபுரத்தில், ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சில மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு தட்டுகள் வைக்கிறார்கள். மேலே இருப்பதற்கு அலை அழியும் அதே கணத்தில் கீழே இருப்பதற்கும் அழிவது அரிது. எது கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். 'ஸ்பேஸ் டைவர்சிட்டி' என்று இதைச் சொல்வார்கள். இரண்டு தட்டுகளும் ஒரே திறமுடையவை, ஒரே செய்தியைக் கேட்பவை. நிற்கும் இடம்தான் வேறு. ஒரு செய்தியைக் காப்பாற்ற, அதைச் சற்றே வேறிடத்திலிருந்து கேட்கும் இன்னொருவர் தேவை என்பது பொறியியல் நடைமுறையில் உறுதிப்பட்ட உண்மை.

காற்றின் அடுக்குகள் எதிர்பாராத வரமும் தந்திருக்கின்றன. கடலின்மேல் வெப்பமும் ஈரமும் அடுக்குகளாகப் படியும்போது, அலை அவற்றுக்கிடையே சிக்கிக்கொண்டு, ஒரு குழாய்க்குள் செல்வதுபோல் தொடுவானத்தைத் தாண்டி ஓடும். 'டக்டிங்' என்று இதற்குப் பெயர். 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினித் தொலைக்காட்சியைத் தென்தமிழகக் கடலோரம் பார்த்தது இப்படிப்பட்ட வளைவுகளின் தயவால்தான். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உயரம் 2,524 மீட்டர். அங்கிருந்து புறப்படும் அலைக்குக் கணக்குப்படி தொடுவானம் 200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி முடிந்துவிடும். குமரியோ 350 கிலோமீட்டருக்கும் அப்பால். வீட்டின்மேல் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, படம் சில மாலைகளில் தெளிந்தும் சில மாலைகளில் புள்ளிகளாகச் சிதறியும் வந்ததைப் பார்த்தவர்கள், வளிமண்டல இயற்பியலைப் பெயர் தெரியாமலே பயின்றவர்கள்.

அதிர்வெண் பத்து கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் மழை முக்கியமாகிறது. செல்பேசிக் கோபுரங்களை இணைக்கும் பதினைந்து கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு சென்டிமீட்டர். பெருமழையின் துளி சில மில்லிமீட்டர். அளவுகள் நெருங்க நெருங்க, துளி அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கிறது. விழும் துளி உருண்டையாக இருப்பதில்லை. காற்றின் எதிர்ப்பில் அடி தட்டையாகி, பக்கவாட்டில் அகன்றுவிடுகிறது. அதனால் கிடைமட்டத்தில் அதிரும் அலைக்கு இழப்பு கூடுதல், செங்குத்தாக அதிரும் அலைக்குக் குறைவு. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்யும் இந்த மாவட்டத்தில் எந்தத் திசையில் அலையை அதிரவிடுவது என்ற முடிவை, ஒரு மழைத்துளியின் வடிவம் எடுக்கிறது. இடையில் இருப்பதை அவ்வளவு நுணுக்கமாக மதிக்கும் துறை இது.

இத்தனைக்கும் பிறகு இரண்டு சொற்கள் மிச்சமிருக்கின்றன. இவற்றைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஒன்று 'ஃபேட் மார்ஜின்'. சாதாரண நாளில் வரும் அலையின் வலுவுக்கும், பேச்சு புரியாமல் போகும் எல்லைக்கும் இடையே ஒதுக்கிவைக்கும் கையிருப்பு. நல்ல பாதைக்கு நாற்பது டெசிபல் வைப்பார்கள். வரும் அலை பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் பேச்சு தொடரும். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இந்தக் கையிருப்பு தொடப்படாமல் கிடக்கும். செலவைக் குறைக்க வருபவர்களின் கண்ணில் அது வீண். வைத்தவருக்கு அது மோசமான நாளுக்குரிய கடமை.

இன்னொன்று 'அவைலபிலிட்டி'. ஆண்டில் எத்தனை விழுக்காடு நேரம் தொடர்பு உயிரோடு இருக்கும் என்ற எண். 99.99 விழுக்காடு என்றால் ஆண்டு முழுவதிலும் 53 நிமிடம்தான் பேச்சு அறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 53 நிமிடம் ஆண்டு முழுவதும் நொடிநொடியாகச் சிதறி வருமா, ஒரே புயலின் நடுவில் மொத்தமாக வருமா? அந்த எண் இதைச் சொல்வதில்லை. மழையும் காற்றும் அலையை அறுக்கும் நாள்தான் மனிதர்கள் ஒருவரையொருவர் தேடும் நாளும். சராசரி அந்த நாளை மற்ற நாட்களோடு கலந்து கரைத்துவிடுகிறது.

2017 நவம்பர் 30 அப்படிப்பட்ட நாள். குமரிக்குத் தெற்கே கடலில் விரைந்து வலுத்த ஒக்கிப் புயல் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன, செல்பேசிகள் ஊமையாயின. அதைவிடப் பெரிய ஊமை கடலில் இருந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் மீனவர்கள் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி நாட்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் பெயர்பெறும் முன்பே அவர்கள் போய்விட்டிருந்தார்கள். படகிலிருந்த வி.எச்.எஃப். வானொலியும் நேர்பார்வைக்குக் கட்டுப்பட்டதே. கரையில் அறுபது மீட்டர்க் கோபுரமும் படகில் நாலு மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவும் இருந்தால் பூமியின் வளைவு அனுமதிக்கும் தூரம் 40 கிலோமீட்டர். ஓர் எச்சரிக்கை எட்டமுடியாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு, இந்த ஒரு கணக்கு போதும். தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

அந்தக் கணக்கு ரகசியமாக இருக்கவில்லை. பாலிடெக்னிக் மாணவனின் குறிப்பேட்டில் இருப்பது அது. நாலரைக் கிலோமீட்டர்த் தொடுவானத்தை அறிந்தவர்கள் இந்தக் கரை முழுவதும் இருந்தார்கள். அறிவு இருந்தது, அந்த அறிவை, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களின் பெயரில் யாரும் கணக்குப் போடவில்லை. ஹாப் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தீர்மானிக்கும் வரைபடத்தில் அவர்கள் ஒரு முனையாக இடம்பெறவில்லை. இதைப் பொறியியலின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் யாருக்கும் இடையில் பாதை வேண்டும் என்று பொறியியலிடம் சொல்லவேண்டியது சமூகம்தான்.

தீர்வின் வடிவமும் இதே சொற்களுக்குள் இருந்தது. அலையை வாங்கி, வலுவூட்டி, அடுத்த ஹாப்புக்கு அனுப்பும் நிலையம் 'ரிப்பீட்டர்'. அதை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ அவ்வளவு தூரம் பார்க்கும். ஆர்தர் சி. கிளார்க் 1945-இல் அதை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் வைக்கலாம் என்று எழுதினார்; பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் வானில் அசையாமல் நிற்கும். பின்னர் இலங்கையில் குடியேறி வாழ்ந்தவர் அவர். அந்த உயரத்தைக் கடக்கும் ஆறு கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 200 டெசிபல் இழப்பு. என்றாலும் நடுக்கடலில் இருக்கும் படகுக்கும் நேர்பார்வை கிடைத்துவிடுகிறது. ஒக்கிக்குப் பிறகு இஸ்ரோ தன்னுடைய நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கு அனுப்பும் கருவியை உருவாக்கியது. முதலில் வந்த கருவி கேட்க மட்டும் உதவியது. படகிலிருந்தும் ஆபத்துச் செய்தி அனுப்பக்கூடிய இருவழிக் கருவிகள் பின்னர் வந்தன. கேட்பது மட்டும் போதாது, திருப்பிச் சொல்லவும் வழி வேண்டும் என்பது அந்தக் கரையோர மக்கள் கேட்டதுதான்.

ஆகவே இந்தச் சொற்களைப் பொறியாளரின் மேசையிலேயே விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். நேர்பார்வை, ஹாப், ரிப்பீட்டர், ஃபேட் மார்ஜின், அவைலபிலிட்டி ஆகியவை குமரி மாவட்டத்தின் ஒவ்வொரு கடற்கரைப் பள்ளியிலும் கற்பிக்கப்பட வேண்டும். மீனவர் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நிற்பவரின் வாயில் வர வேண்டும். "எங்கள் ஊர்க் கோபுரம் எத்தனை கிலோமீட்டர் பார்க்கும்? கரண்ட் போனால் அதன் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும்? உங்கள் 99.99-இல் விட்டுப்போன அந்த 53 நிமிடம் எந்த நாளில் வரும்?" என்று அவர் கேட்க வேண்டும். இவை விடை உள்ள கேள்விகள். உயரத்தின் வர்க்கமூலத்தை எடுத்து நான்கால் பெருக்கினால் முதல் கேள்விக்கு ஏறத்தாழ விடை கிடைத்துவிடும்; எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடுவாள். மற்ற இரண்டுக்கும் விடை சொல்லவேண்டியவர்கள் கோபுரத்தை வைத்தவர்கள். அடுத்த புயலுக்கு முன் அவர்களை விடைசொல்ல வைப்பது, இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட நம் ஒவ்வொருவருடைய பொறுப்பும் ஆகும்.